ஐஆர் கோப்புகளும் கன்வல்யூஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் இடத்தின் முழக்கத்தை அதன் பதிவைக் கொண்டு ஒலியின் மேல் ஏற்றும் கருவிதான் கன்வல்யூஷன் ரிவர்ப். அது இல்லாத இசை மென்பொருள் இன்று அரிது. ஆனாலும் பலர் அதில் ஒரு தேவாலயத்தையோ கச்சேரி அரங்கையோ தேர்ந்தெடுப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அதைத் தாண்டிப் போக ஆசைப்பட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கூடுமானவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். நடுவில் குதிப்பவர்கள் முதல் மூன்று பதில்களையாவது படித்துவிட்டுக் குதியுங்கள். பின்னால் வருபவை எல்லாம் அவற்றை நம்பித்தான் நிற்கின்றன.

ஐஆர், ஐஆர் என்கிறீர்களே, அது என்ன?

ஓர் அறையில் மிகக் குறுகிய ஒரு சொடுக்கு ஒலியை எழுப்பினால் அறை பதிலுக்கு எதைத் தருகிறதோ, அதன் பதிவுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர். அறைக்குப் பதில் கிட்டார் கேபினட் (ஒலிபெருக்கிப் பெட்டி), ஸ்பிரிங் ரிவர்ப், பழைய ரேடியோவின் ஒலிபெருக்கி என்று எதுவாகவும் இருக்கலாம். கணினியைப் பொறுத்தவரை அது சாதாரண வேவ் கோப்பு. திறந்து கேட்டால் ஒரு ‘டப்’, அதைத் தொடர்ந்து தேய்ந்து மறையும் முழக்கம். அவ்வளவுதான்.

கன்வல்யூஷன் உள்ளே என்ன செய்கிறது? சூத்திரம் வேண்டாம், புரிந்தால் போதும்.

டிஜிட்டல் ஒலி என்பது விநாடிக்கு 48,000 புள்ளிகள் (சாம்பிள்கள்) என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலின் ஒவ்வொரு புள்ளியும் ஐஆர் கோப்பை ஒருமுறை முழுதாக ஒலிக்க வைக்கிறது. புள்ளி உயரமாக இருந்தால் உரக்க, தாழ்வாக இருந்தால் மெல்ல. இப்படி எழும் பிரதிகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி தள்ளித் தள்ளி அடுக்கப்பட்டு, எல்லாம் கூட்டப்படுகின்றன. அதனால்தான் 3 விநாடிக் குரலும் 4 விநாடி ஐஆரும் சேர்ந்தால் 7 விநாடி ஒலி கிடைக்கிறது.

இதைக் காதால் சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு புள்ளி மட்டும் உச்சத்தில் இருக்க, மற்றதெல்லாம் அமைதியாக ஒரு கோப்பு செய்து ஐஆராக ஏற்றுங்கள். குரல் அப்படியே, மாற்றமின்றி வரும். 250 மில்லி விநாடி தள்ளி இன்னொரு புள்ளியைச் சேருங்கள். ஓர் எதிரொலி கேட்கும். புள்ளிகளை ஆயிரக்கணக்கில் நெருக்கி நிரப்பினால் தனித்தனி எதிரொலிகள் கரைந்து அறை பிறக்கிறது.

இதையே அதிர்வெண்களின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும்: இரண்டு ஒலிகளின் நிறமாலைகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. இரண்டிலும் வலுவாக இருக்கும் அதிர்வெண் ஓங்கி நிற்கும். ஒன்றில் இல்லாதது முடிவிலும் இருக்காது. இதைப் பெருக்கல் விதி என்றே கீழே குறிப்பிடுகிறேன். படைப்பு நோக்கில் கன்வல்யூஷனைப் பயன்படுத்தும்போது எழும் வியப்பிலும் ஏமாற்றத்திலும் பாதி இந்த விதியிலிருந்து வருகிறது.

அப்படியானால் எந்த ஒலியை வேண்டுமானாலும் ஐஆராகப் போடலாமா?

போடலாம். நீங்கள் கொடுப்பது தேவாலயமா, உடையும் கண்ணாடியா என்று பிளக்இன்னுக்கு (இசை மென்பொருளுக்குள் இயங்கும் துணைக்கருவி) தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஜேம்ஸ் மூரர் 1979-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், நல்ல அரங்குகளின் ஐஆர்கள் சீராகத் தேய்ந்து மறையும் வெள்ளை இரைச்சலைப் போலவே இருப்பதைக் குறிப்பிட்டு, செயற்கையாக உருவாக்கிய அத்தகைய இரைச்சலையே ஐஆராகப் பயன்படுத்தினால் அரங்கின் முழக்கம் இயல்பாகக் கிடைப்பதைக் காட்டினார். இதை நீங்களே இரண்டு நிமிடத்தில் செய்யலாம்: 3 விநாடி வெள்ளை இரைச்சல், மேலே ஒரு தேயும் வளைவு, இடதுக்கும் வலதுக்கும் வெவ்வேறு இரைச்சல். விலைகொடுத்து வாங்கும் சில ஐஆர்களைவிட அது வழவழப்பாக இருக்கும்.

ஆனால் போடலாம் என்பது வேறு, நன்றாக இருக்கும் என்பது வேறு. பயனுள்ள ஐஆருக்குச் சில குணங்கள் உண்டு: தொடக்கம் தெளிவாக இருக்க வேண்டும், வால் தேய்ந்து முடிய வேண்டும், நிறமாலை ஒன்று அகலமாக இருக்க வேண்டும் அல்லது வேண்டுமென்றே குறுகியதாக இருக்க வேண்டும். சிம்பல், கிழியும் காகிதம், சரளைக்கல் மேல் காலடி, பியானோ நாண் (கார்ட், பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது), கிசுகிசுப்பு எல்லாம் தேறும். நடுவில் ஏறி இறங்கும் நீண்ட இசைத்துணுக்கு பெரும்பாலும் சேறாகிவிடும். பிளக்இன்னில் குமிழ் திருகுவதைவிட, ஐஆர் கோப்பை ஏற்றுவதற்கு முன் வெட்டித் திருத்துவதில்தான் வேலையே இருக்கிறது என்பது என் கட்சி.

இதற்கு எந்த மென்பொருள் வேண்டும்?

சொந்த வேவ் கோப்பை ஏற்றவிடும் எதுவும் போதும். லாஜிக்கின் ஸ்பேஸ் டிசைனர், ரீப்பரின் ரீவெர்ப், எஃப்எல் ஸ்டூடியோவின் ஃப்ரூட்டி கன்வால்வர், ஏபிள்டனின் கன்வல்யூஷன் ரிவர்ப் எல்லாம் இதைச் செய்யும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். சில பிளக்இன்கள் தங்கள் சொந்தத் தொகுப்பைத் தவிர வேறெதையும் ஏற்காது.

1999-இல் சோனியின் டிஆர்இ-எஸ்777 வந்தபோது இது தனியாக ஒரு ரேக் கருவி கேட்ட வேலை. 2001-இல் ஆல்டிவெர்ப் அதைக் கணினிக்குள் பிளக்இன்னாகக் கொண்டுவந்தது. இன்று கணினி வேகம் ஒரு தடையே இல்லை.

சொந்த ஒலியை ஐஆராகப் போட்டதும் காது கிழிந்தது. ஏன்?

மேலே சொன்ன கூட்டலை நினைத்துப் பாருங்கள். உச்ச அளவில் 1 விநாடி தேயாமல் ஒலிக்கும் ஒரு சைன் அலையை ஐஆராக ஏற்றி, அதே சுருதியில் ஒரு நீண்ட ஒலியை உள்ளே விட்டால், 48,000 சாம்பிள் வேகத்தில் கணக்குப்படி அது 24,000 மடங்கு பெருகும். ஏறக்குறைய 88 டெசிபல். பெரும்பாலான பிளக்இன்கள் ஐஆரின் அளவைத் தாமே சரிக்கட்டிவிடும், எல்லாம் அல்ல. சரிக்கட்டுபவையும் சுருதி தற்செயலாக ஒத்துப்போகும் நொடியில் ஏமாறும்.

முதலில் ஐஆரின் அளவை 20 டெசிபலாவது குறைத்து வையுங்கள். டிராக்கின் கடைசியில் ஒரு லிமிட்டர் (ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் தடுப்பது). ஹெட்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு முதல் முறை இயக்குங்கள். புதுக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் இதே சடங்கு.

என்ன போட்டாலும் மொத்தையாக, அடைத்தாற்போல் வருகிறதே?

பெருக்கல் விதி. இயல்பான ஒலிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீழ் அதிர்வெண்களில் வலு அதிகம், மேலே போகப்போகக் குறைவு. ஒவ்வொன்றும் எண்மத்துக்கு (ஆக்டேவ், அதிர்வெண் இருமடங்காகும் இடைவெளி) 3 டெசிபல் வீதம் சரிகிறது என்று கொண்டால், பெருக்கிய பிறகு சரிவு 6 டெசிபல். கீழே வீக்கம், மேலே வெறுமை.

மருந்தும் அங்கேயே இருக்கிறது. ஐஆரை ஏற்றுவதற்கு முன் அதற்கு ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) எதிர்ச்சரிவு கொடுங்கள்: கீழே இறக்கி, மேலே எண்மத்துக்கு 3 டெசிபல் வீதம் ஏற்றி, கோப்பாகவே பதிந்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் சீறும், நாராசமாக இருக்கும்; கன்வல்யூஷனுக்குப் பிறகு சரியாக உட்காரும். பிளக்இன்னுக்குப் பின்னால் ஈக்யூ போட்டாலும் கணக்கு ஒன்றுதான். ஆனால் கோப்பிலேயே திருத்தி வைத்தால் அடுத்த பாடலுக்கும் அது உதவும்.

டிரம்ஸை ஸ்வரங்களில் பேச வைக்கலாம் என்கிறார்களே, எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுதான். பியானோவில் பெடலை அழுத்தியபடி ஒரு நாணை வாசித்து, அது தேய்ந்து மறையும் வரை பதிவு செய்யுங்கள். கோப்பில் சுத்தியல் தந்தியைத் தொடும் முதல் 50 மில்லி விநாடியை வெட்டி எறியுங்கள். அதை விட்டுவைத்தால் டிரம் அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பியானோ அடியும் கேட்கும். நமக்கு வேண்டியது அடி அல்ல, அதன் ரீங்காரம். வெட்டிய இடத்தில் சில மில்லி விநாடி ஃபேட்-இன், கடைசியில் 3 விநாடிக்குள் முடியும் நீண்ட ஃபேட்-அவுட், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் வடிகட்டி. இப்போது ஸ்னேரை மட்டும் செண்ட் (ஒலியின் ஒரு பிரதியை வேறு டிராக்குக்கு அனுப்பும் வழி) வழியாக உள்ளே விடுங்கள். ஒவ்வொரு அடியும் அந்த நாணின் ஸ்வரங்களோடு எழுந்து அடங்கும்.

ஸ்னேரும் ஹை-ஹேட்டும் நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் அவற்றில் எல்லா அதிர்வெண்களும் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பது. நாண் தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்கிறது. கிக் டிரம்மில் நடு ஸ்வரங்களுக்குத் தீனி குறைவு. அதனால் அதை விட்டால் நாணின் அடிப்பகுதி மட்டும் உறுமும்.

பாடலில் நாண் மாறுமே என்றால், ஒவ்வொரு நாணுக்கும் தனி ஐஆர், தனி செண்ட் டிராக். எந்தச் சட்டகத்தில் (பார், தாளத்தின் ஒரு சுற்று) எந்தச் செண்ட் திறக்க வேண்டும் என்று ஆட்டோமேஷன் எழுதுங்கள். பாட்டு ஓடும்போதே ஒரே பிளக்இன்னில் ஐஆரை மாற்ற முயன்றால் பெரும்பாலும் வால் அறுபடும், அல்லது சொடுக்குச் சத்தம் வரும். தனிச் செண்டுகளில் பழைய நாணின் வால் புதிய நாணின் தொடக்கத்தின் மேல் இயல்பாக வழிந்து கலக்கும். அந்த வழிசல்தான் அழகு.

தாளத்தையே ஐஆராக்கினால்?

முழு டிரம் லூப்பை ஏற்றாதீர்கள். உள்ளே போகும் ஒலியின் ஒவ்வொரு புள்ளியும் முழு லூப்பையும் கிளப்பும். முடிவில் தாளம் தொலைந்து இரைச்சல் மிஞ்சும். உள்ளே விடுவது மிகக் குறுகிய தனி ஒலிகளாக இருந்தால் மட்டும் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

அதற்குப் பதில் வெறுமையான கோப்பில் தேவையான இடங்களில் மட்டும் ஒற்றைப் புள்ளிகளை நடுங்கள். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 அடி) கால் ஸ்வரம், அதாவது ஓர் அடி, 500 மில்லி விநாடி. புள்ளியிட்ட அரைக்கால் ஸ்வரம், அதாவது முக்கால் அடி, 375. 0, 375, 750, 1000 என்று நட்டால் எந்த டிலே பெட்டியும் தராத, உங்கள் பாட்டுக்கே உரிய எதிரொலி வரிசை கிடைக்கும். பிறகு அந்த ஒற்றைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள்: இரண்டாவது இடத்தில் 30 மில்லி விநாடி உலோகத் தட்டல், மூன்றாவதில் தண்ணீர்த் துளி, நான்காவதில் சின்ன அறையின் ஐஆர். ஒவ்வொரு எதிரொலியும் வேறு பொருளில் மோதித் திரும்புவதுபோல் வரும். துணுக்குகள் 50 மில்லி விநாடியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் தாளம் கலங்காது.

ரிவர்ஸ் ரிவர்புக்கு டிராக்கைத் திருப்பி, ரிவர்ப் போட்டு, மறுபடி திருப்ப வேண்டுமா?

வேண்டாம். ஐஆர் கோப்பை மட்டும் திருப்பிப் போட்டால் கணக்கில் அதே முடிவுதான் வரும். ஒரு சிக்கல்: இப்போது வீங்கல் முன்னாலும் உச்சம் கோப்பின் கடைசியிலும் இருக்கிறது. எனவே ஐஆரின் நீளத்தை தாளத்துக்குப் பொருத்துங்கள். 120 பிபிஎம்மில் நாலுக்கு நாலு சட்டகம் ஒன்றுக்கு 2 விநாடி. திருப்பிய ஐஆரும் துல்லியமாக 2 விநாடி. ஈரமான ஒலியை (ரிவர்ப் மட்டும் உள்ள ஒலி) தனி டிராக்கில் எடுத்து ஒரு சட்டகம் முன்னால் நகர்த்தினால் வீங்கல் சொல்லின் தொடக்கத்தில் வந்து முட்டும். நகர்த்தாமல் விட்டால் ஒவ்வொரு சொல்லும் அடுத்த சட்டகத்தில் பேய்போல எழுந்து வரும். இரண்டும் நல்லதுதான்.

நானே ஓர் இடத்தின் ஐஆரைப் பதிவு செய்ய வேண்டும். கைதட்டினால் போதாதா?

குறும்புக்குப் போதும், கைதட்டலில் கீழ் அதிர்வெண்களுக்கு வலு இல்லை. பலூன் வெடிப்பு அதைவிட மேல். வாடகை ஒலிபெருக்கியும் மின்சாரமும் கொண்டுபோக முடியாத இடங்களில் அதுவே கைகொடுக்கும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் இஸ்தான்புல்லின் ஹேகியா சோஃபியாவில் பலூன்களை வெடித்துப் பதிவு செய்து, பத்து விநாடிக்கு மேல் நீளும் அதன் முழக்கத்தை மீட்டெடுத்தார்கள். பிறகு வேறொரு நாட்டின் அரங்கில் பாடகர்கள் அந்த முழக்கத்துக்குள் நேரலையாகப் பாடினார்கள். ஸ்காட்லாந்தின் இன்சின்டவுனில் எண்ணெய் சேமிக்கக் குடையப்பட்ட சுரங்கத்தில் ஒலியியலாளர் ட்ரெவர் காக்ஸ் வெற்றுத் தோட்டா சுட்டு அளந்தபோது 125 ஹெர்ட்ஸில் முழக்கம் அடங்க 112 விநாடி ஆயிற்று.

தரமான முடிவு வேண்டுமென்றால் சைன் ஸ்வீப். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை அடுக்கேற்ற வேகத்தில் ஏறும் ஒலியை 10 அல்லது 20 விநாடி ஒலிபெருக்கியில் இயக்கி, அறையில் பதிவு செய்து, பிறகு மென்பொருளில் அதை ஐஆராகச் சுருக்குவது. இந்த முறையை 2000-இல் ஆஞ்செலோ ஃபரினா விளக்கினார். இதில் ஒரு பெரிய வசதி, ஒலிபெருக்கியின் சிதைவு உண்மையான ஐஆருக்கு முன்னால் தனித்தனித் துண்டுகளாக ஒதுங்கி நிற்கும், வெட்டி எறிந்துவிடலாம். ஸ்வீப்பின் நீளத்தை இருமடங்காக்கினால் பின்னணி இரைச்சலிலிருந்து 3 டெசிபல் கூடுதலாக விலகுவீர்கள். இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் இந்த வேலைக்குப் போதும். லாஜிக் பயன்படுத்துபவர்களுக்கு அதற்கென்றே தனிக் கருவி உடன் வருகிறது.

நடைமுறைக் குறிப்பு ஒன்று: ஸ்வீப் முடிந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். அறை அடங்கி, அதன்பின்னும் சில விநாடி காத்திருங்கள். மின்விசிறி, குளிர்சாதனம் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் அறையைவிட ஒலிபெருக்கிதான் பதிவாகும்.

அறை அல்லாமல் வாளி, குழாய் போன்றவற்றிலும் எடுக்கலாமா?

எடுத்தே ஆக வேண்டும். தேவாலயங்களின் ஐஆர் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. உங்கள் வீட்டு வாளியின் ஐஆர் வேறு யாரிடமும் இல்லை.

இரு முனையும் திறந்த 1 மீட்டர் குழாயின் ஒரு வாயில் சிறிய ஒலிபெருக்கி, மறுவாயில் மைக். ஸ்வீப்பை இயக்கினால் சுமார் 170 ஹெர்ட்ஸிலும் அதன் இரண்டு, மூன்று மடங்குகளிலும் ஒலி சட்டென்று எகிறுவதைக் காதாலேயே கேட்கலாம். ஐஆராக்கிக் குரலை உள்ளே விட்டால் குரலுக்கு அந்தக் குழாயின் சுருதி ஏறிவிடும். அரை மீட்டர் குழாய் என்றால் ஏறக்குறைய ஓர் எண்மம் மேலே. பாடலின் ஆதார சுருதிக்கு ஏற்பக் குழாயை வெட்டலாம். சோம்பல் என்றால் ஐஆர் கோப்பின் வேகத்தை மாற்றிச் சுருதி சேர்க்கலாம். குழாய் அதைப் பொருட்படுத்தாது.

உலோகத் தகடு, கண்ணாடி, மரப்பெட்டி போன்ற திடப்பொருள்களுக்குக் காற்றுவழி வேண்டாம். பொருளின் மேல் ஒட்டும் அதிர்வுக்கருவியால் ஸ்வீப்பை ஊட்டி, எதிர் மூலையில் ஒட்டும் வகைக் காண்டாக்ட் மைக்கால் எடுங்கள். மைக்கை இரண்டு அங்குலம் நகர்த்தினாலே வேறு ஐஆர். இரண்டு இடங்களை இடதுக்கும் வலதுக்கும் வைத்தால், ஒற்றைத் தகடு ஸ்டீரியோவில் அகன்று நிற்கும்.

ஓவர்டிரைவ் பெடல், கம்ப்ரசர், கோரஸ் இவற்றையும் ஐஆராக எடுக்கலாமா?

முடியாது. ஐஆர் பிடித்துவைப்பது இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்ட பொருள்களை மட்டுமே: உள்ளீடு இருமடங்கானால் வெளியீடும் சரியாக இருமடங்காக வேண்டும், இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒலியைச் சிதைக்கும் ஓவர்டிரைவும் உரத்த ஒலியை நசுக்கும் கம்ப்ரசரும் முதல் நிபந்தனையில் தோற்கின்றன, நொடிக்கு நொடி அசைந்துகொண்டே இருக்கும் கோரஸ் இரண்டாவதில். கிட்டார் கேபினட் இரண்டிலும் ஏறக்குறையத் தேறிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரை வேறு முறையில் உருவகித்து, கேபினட்டுக்கு மட்டும் ஐஆர் போடும் வழக்கம் இதனால்தான் நிலைத்தது.

ஓவர்டிரைவின் குணம் வேண்டுமென்றால் பெடலை ஐஆருக்கு முன்னாலோ பின்னாலோ வையுங்கள். முன்னால் வைத்தால் சிதைந்த ஒலி சுத்தமான இடத்தில் ஒலிக்கும். பின்னால் வைத்தால் இடமே சிதையும். தேயும் வால் நசுங்கி மேலெழும். பின்னது எனக்குப் பிடிக்கும்.

இரண்டு கேபினட் ஐஆர்களைக் கலந்தால் கிட்டார் மெலிந்துபோகிறது. எதனால்?

இரண்டும் ஒரே கணத்தில் தொடங்கவில்லை. ஒன்றின் மைக் சற்றுத் தள்ளி இருந்து, 1 மில்லி விநாடி தாமதமாகத் தொடங்கினால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். இரு கோப்புகளையும் பெரிதாக்கிப் பார்த்து, முதல் எழுச்சியை ஒரே இடத்துக்கு நகர்த்துங்கள். தொடக்கத் தாமதத்தை நீக்கும் மினிமம் ஃபேஸ் வசதி உள்ள ஐஆர் ஏற்றிகளில் அதை அழுத்தினாலும் தீரும்.

கேபினட் ஐஆர் கிட்டாருக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. 48,000 வேகத்தில் 1024 சாம்பிள், அதாவது சுமார் 21 மில்லி விநாடி நீளமே உள்ள அந்தக் குட்டிக் கோப்பு, டிரம் மெஷினையும் சின்தசைசரையும் காற்றை நகர்த்திய ஒலிகளாக மாற்றிவிடும்.

பாடகரின் குரலை ஐஆராகப் போட்டு கிட்டாரை உள்ளே விட்டால் கிட்டார் பேசுமா?

பேசாது. பேச வைப்பது வோகோடர். அது குரல் நொடிக்கு நொடி மாறுவதைப் பின்தொடர்ந்து கிட்டாரை அதன்படி வடிகட்டுகிறது. கன்வல்யூஷனில் கிட்டாரின் ஒவ்வொரு புள்ளியும் முழு வாக்கியத்தையும் கிளப்பும், சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறையும். ஒரு சொல்கூடத் தேறாது. இன்னொன்று: குரலை ஐஆராகவும் கிட்டாரை உள்ளீடாகவும் வைத்தாலும், மாற்றி வைத்தாலும் முடிவு ஒன்றே. பெருக்கலில் எது முன்னால் என்பது கணக்கில்லை. நடைமுறையில் வித்தியாசம் தெரிந்தால் அது பிளக்இன் ஐஆரை நறுக்கியதாலோ அளவை மாற்றியதாலோ வந்தது.

ஆனால் குரலின் சாயலை மட்டும் கொண்டுவரலாம். ‘ஆ’ என்ற உயிரொலியில் 200 மில்லி விநாடி எடுத்து ஐஆராக்குங்கள். பாடிய ‘ஆ’ வேண்டாம். பாடிய சுருதி கிட்டாரின் மேல் ஒட்டிக்கொண்டு மற்ற ஸ்வரங்களை விழுங்கிவிடும். கிசுகிசுத்த ‘ஆ’ எடுங்கள். அதில் சுருதி இல்லை, வாயின் வடிவம் மட்டும் இருக்கிறது. ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’ மூன்றையும் மூன்று செண்டுகளில் வைத்து மாறிமாறித் திறந்தால் கிட்டார் வாயசைப்பதுபோல் இருக்கும்.

44,100-இல் எடுத்த ஐஆரை 48,000 திட்டத்தில் போட்டால் கெடுமா?

பிளக்இன் மாற்றிக்கொண்டால் ஒன்றும் ஆகாது. மாற்றிக்கொள்ளாவிட்டால் ஐஆர் சுமார் 9 சதவீதம் வேகமாக ஓடும். வால் குறையும், சுருதி ஒன்றரை அரைஸ்வரம் ஏறும். கேபினட் ஐஆர் திடீரென்று கூர்மையாகக் கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நாண் ஐஆரில் இது நேர்ந்தால் பாட்டே அபசுரம்.

வேண்டுமென்றே செய்தால் இதுவே கருவி. ஐஆரைப் பாதி வேகத்தில் ஓட்டினால் நீளம் இருமடங்கு, சுருதி ஓர் எண்மம் கீழே. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கியதற்கு அது நெருங்கிய சமம். வாளியை எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு இறக்கினால் வாளி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கன்வல்யூஷன் ரிவர்ப் அசைவற்று, உறைந்தாற்போல் இருக்கிறது. என்ன செய்ய?

மேலே சொன்ன இரண்டாவது நிபந்தனையின் விலை அது; ஐஆர் ஒரே கணத்தின் பதிவு. அசைவை நாம்தான் சேர்க்க வேண்டும். ஈரமான ஒலிக்குப் பின்னால் மிக மெல்லிய கோரஸ் வைக்கலாம். ஒரே பொருளின் இரண்டு ஐஆர்களை இரு செண்டுகளில் வைத்து மெதுவாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தலாம். முதல் 80 மில்லி விநாடியை மட்டும் ஐஆரிலிருந்து எடுத்துக்கொண்டு, வாலைச் சாதாரண டிஜிட்டல் ரிவர்பிடம் ஒப்படைப்பது மூன்றாவது வழி. இடத்தின் அடையாளம் முதல் எதிரொலிகளில்தான் இருப்பதால் காது ஏமாந்துவிடும்.

வாசிக்கும்போது தாமதம் வருகிறது. தவிர்க்க முடியாதா?

பழைய முறையில் முடியாது. 5 விநாடி ஐஆரை நேரடியாகக் கணக்கிட்டால் ஒரு சேனலுக்கு விநாடிக்கு 1,150 கோடிக்கும் மேற்பட்ட பெருக்கல்கள். ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துப் பெருக்கும் எஃப்எஃப்டி முறை வேகமானது, ஆனால் பெரிய தொகுதி நிரம்பும் வரை காத்திருக்கும். வில்லியம் கார்ட்னர் 1995-இல் இரண்டையும் இணைத்தார்: ஐஆரின் தொடக்கத்தை நேரடியாகவும், பிற்பகுதியைப் போகப்போகப் பெரிதாகும் தொகுதிகளாகவும் கணக்கிடுவது. உங்கள் பிளக்இன்னில் தாமதமற்ற முறை என்று ஒரு பொத்தான் இருந்தால் உள்ளே நடப்பது பெரும்பாலும் இதன் ஏதோவொரு வடிவம். வாசிக்கும்போது அதை இயக்குங்கள். மிக்ஸ் செய்யும்போது அணைத்தால் கணினிக்குச் சுமை குறையும்.

வேறொருவர் பாடலின் துண்டை ஐஆராகப் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா? அடையாளமே தெரியாதே?

அடையாளம் தெரியாததால் அனுமதி கிடைத்துவிடாது. அது பிறர் ஒலிப்பதிவைப் பயன்படுத்துவதுதான். வெளியிடும் எண்ணம் இருந்தால் அனுமதி வாங்குங்கள், அல்லது அதே நாணை நீங்களே வாசித்துப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது வழி பத்து நிமிட வேலை. வாங்கிய ஐஆர் தொகுப்புகளைப் பொதுவாக இசையில் பயன்படுத்தலாம், கோப்புகளாகப் பிறருக்குக் கொடுக்க முடியாது. யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் போன்ற இலவசத் தொகுப்புகளிலும் உரிமம் இடத்துக்கு இடம் மாறும்; பதிவிறக்கும்போதே உரிமத்தையும் அதே கோப்புறையில் போட்டு வையுங்கள்.

ஓர் அறையின் ஐஆர் என்னிடம் இருக்கிறது. அந்த அறையில் பதிவான குரலிலிருந்து ரிவர்பைக் கழற்றிவிடலாமே?

கணக்கில் ஆம்: பெருக்கியதை வகுத்தால் போயிற்று. ஆனால் பெருக்கல் விதியின் மறுபாதி இங்கே கழுத்தைப் பிடிக்கும். அறை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிட்ட அதிர்வெண்களில் நாம் பூஜ்யத்துக்கு அருகில் உள்ள எண்ணால் வகுக்கிறோம்; அங்கே குரல் மிஞ்சியிருக்காது, பதிவின் இரைச்சல்தான் இருக்கும், அது பலமடங்கு பெருகிக் கூவும். போதாக்குறைக்கு, பாடகர் ஓரடி நகர்ந்து நின்றிருந்தாலே அது வேறு ஐஆர். அந்த வேலைக்கென்று எழுதப்பட்ட ரிவர்ப் நீக்கும் பிளக்இன்களுக்குப் போங்கள்.

சரி, அந்தக் கூவலைக் கேட்க ஆசையா? உங்கள் குரலைத் தொடர்பே இல்லாத ஏதோவோர் ஐஆரால் வகுத்துப் பாருங்கள். குரலுக்கு முன்னாலும் பின்னாலும் நீளும் உலோகச் சாயல் கொண்ட ஒரு மூட்டம் கிடைக்கும். லிமிட்டரை மறக்க வேண்டாம்.